பொருள்: மூளைத்தாக்கு வகைகள் – ‘இரத்தக்கட்டி’ வேண்டாமே

வணக்கம்.

ஸ்ட்ரோக் வகைகளுக்கான சொற்பட்டியலில் சில இடங்களில் முட்டி நிற்கிறேன். தலைச்சொல்லாகப் ‘பக்கவாதம்’ பொருந்தவில்லை. அது ஒரு பக்கம் செயலிழந்த நிலையின் பெயர். அதை உண்டாக்கிய நோயின் பெயர் அன்று. சிறுமூளையில் தாக்கு வந்தவர் கையையும் காலையும் அசைப்பார். ஆனால் தலைசுற்றி, வாந்தியெடுத்து, நிற்க முடியாமல் சாய்வார். மாரடைப்பைப் பார்த்து ‘மூளையடைப்பு’ என்பதும் சரிவராது. இரத்தக்குழாய் வெடிக்கும் வகையில் அடைப்பே இல்லை. ஆகவே, என் முன்மொழிவு:

மூளைத்தாக்கு (பொதுப்பெயர்)
அடைப்புத் தாக்கு
கசிவுத் தாக்கு
சிறு மூளைத்தாக்கு (வந்து சற்று நேரத்தில் சரியாகிவிடும் டி.ஐ.ஏ.)

விளக்கக் குறிப்பில் அடைக்கும் பொருளை ‘இரத்தக்கட்டி’ என்று எழுதியிருக்கிறேன். திருத்தங்கள் வேண்டும்.

– – –

> சிறு மூளைத்தாக்கு

இதை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள் ஐயா. ‘சிறுமூளைத் தாக்கு’ என்றுதான் காதில் விழும். எழுத்தில் ஓர் இடைவெளி மட்டுமே வேறுபாடு. சிறுமூளையில் பெரிய அடைப்பு ஏற்பட்டால் சில நாளில் வீங்கி மூளைத்தண்டை அழுத்தலாம். மண்டையோட்டைத் திறக்க வேண்டியும் வரலாம். டி.ஐ.ஏ. வந்தவரோ அரை மணியில் எழுந்து காபி கேட்பார். இந்த இரண்டுக்கும் ஒரே ஒலியுள்ள பெயர் ஆகாது.

அளவைக் குறிக்கவும் ‘சிறு’ உதவாது. நுண்தமனி அடைபட்டு உண்டாகும் லாக்குனர் புண், ஸ்கேனில் 15 மி.மீ.க்குள் இருக்கும் ஒரு பொட்டு. அது நரம்பிழைகள் நெருக்கமாக இறங்கும் உட்பொதியில் விழுந்தால் முகம், கை, கால் மூன்றும் ஒருசேரப் போகும். டி.ஐ.ஏ. முடிந்த முதல் 48 மணிநேரத்தில்தான் முழுத்தாக்கு வரும் ஆபத்து மிக அதிகம். ‘சிறு’ என்று சொல்லி ஆளை வீட்டிலேயே உட்காரவைக்க வேண்டாம்.

கால அளவையும் பெயரில் சேர்க்காதீர்கள். முன்பு, 24 மணிநேரத்துக்குள் சரியானால் டி.ஐ.ஏ. என்றார்கள். 2009இல் அமெரிக்க வரையறை மாறியது: அறிகுறி ஒரு மணியில் மறைந்தாலும் எம்.ஆர்.ஐ.யில் திசு இறந்த தடம் இருந்தால் அது மூளைத்தாக்கு.

> இரத்தக்கட்டி

இதுதான் எனக்குப் பெரிய கவலை. தமனியை அடைக்கும் பொருளையும் அப்படிச் சொல்கிறோம். வெடித்த குழாயிலிருந்து கொட்டித் தேங்கியதையும் அப்படியே சொல்கிறோம். ‘மூளையில் கட்டி’ என்று பாதி காதில் விழுந்தவர் புற்றுநோய் என்று அழுவார். “மூளையில ரத்தக்கட்டின்னு சொன்னாங்க” என்று வேறு மருத்துவமனையில் வந்து சொன்னால் எது என்று பிரிக்கவே முடியாது. முதல் வகைக்கு ஆஸ்பிரின் மருந்து. இரண்டாவதற்கு அது கேடு. அடைப்பைக் கரைக்கும் ஆல்டெப்ளேஸ் ஊசி, குருதி கொட்டிக்கொண்டிருக்கும் தலைக்குள் போனால் ஆளையே கொல்லும்.

வெளித்தோற்றம் இதைக் காட்டிக்கொடுக்காது. வாய் கோணல், கை தளர்தல், பேச்சுக் குழறல் இரண்டிலும் வரும். கடும் தலைவலி, வாந்தி, மயக்கம் இருந்தால் கசிவின் பக்கம் சந்தேகம் சாயும், அவ்வளவுதான். சி.டி.யில் புதுக் குருதி வெள்ளையாகத் தெரியும். அடைப்போ முதல் சில மணிநேரம் ஒன்றுமே காட்டாமல் இருக்கலாம். ‘ஸ்கேன் நார்மல்’ என்றால் தாக்கு இல்லை என்று பொருளில்லை, பெரும்பாலும் கசிவு இல்லை என்றுதான் பொருள்.

– – –

மருத்துவர் சொல்வது சரி. ‘கட்டி’யை எடுத்துவிடலாம். அடைப்பது ‘உறைவு’, கொட்டித் தேங்கியது ‘குருதித்திரள்’.

வேறிடத்திலிருந்து மிதந்துவந்து அடைப்பதற்கு ‘நகர் உறைவு’ என்று வைக்க நினைத்தேன். சேர்த்துப் படித்தால் பட்டணத்துக் குடியிருப்பு மாதிரி இருக்கிறது! ‘வந்தடைப்பு’ என்றால் ரயில் வந்தடைகிறது. அடைப்புத் தாக்கைக் காரணப்படி ஐந்தாகப் பிரிக்கும் 1993இன் டோஸ்ட் வகைப்பாட்டைப் பின்பற்றி, தோன்றிய இடத்தையோ காரணத்தையோ சொன்னால் சிக்கலே இல்லை: பெருந்தமனி அடைப்பு, இதயவழி அடைப்பு, நுண்தமனி அடைப்பு, பிற காரண அடைப்பு, காரணம் தெளியா அடைப்பு.

டி.ஐ.ஏ.வுக்கு ‘மீளடைப்பு’ என்று ஒருவர் தனிமடலில் எழுதினார். மீள்பதிவு, மீள்சுழற்சி என்று பழகிய காதுக்கு அது ‘மறுபடி அடைபட்டது’ என்று கேட்கும். மருந்தில் கரைந்தபின் மீண்டும் அடைபடுவது வேறு சங்கதி. விலகு + அடைப்பு = ‘விலகடைப்பு’. வினைத்தொகை, மூன்று காலத்துக்கும் பொருந்தும்.

– – –

> விலகடைப்பு

ஏற்கிறேன். இரத்த அழுத்தம் விழுந்து ஓட்டம் குறைவதால் வரும் சிலவற்றில் அடைப்பு முழுமையாக இராது என்பது ஒரு குறை, பொறுத்துக்கொள்ளலாம்.

‘கசிவு’ பற்றி: பானை கசிவதற்கும் தமனி வெடிப்பதற்கும் ஏணிவைத்தாலும் எட்டாது. ஆனால் செய்தித்தாள் வரை வேரூன்றிய சொல், அதோடு மல்லுக்கு நிற்கவில்லை. அதில் இரு கிளை வேண்டும்: மூளையகக் கசிவு, சிலந்திச்சவ்வடிக் கசிவு (மூளையைப் போர்த்திய நடுச்சவ்வின் அடியில்). பின்னதைச் சுருக்கி ‘உறையடிக் கசிவு’ என்றால், தலையில் அடிபட்டு வன்சவ்வின் (வெளிச்சவ்வின்) கீழே தேங்குவதும் உள்ளே நுழைந்துவிடும். அது மூளைத்தாக்குக் கணக்கில் வராது.

– – –

பட்டியலைத் திருத்திவிட்டேன். இலங்கை நண்பர்களுக்காக ‘பாரிசவாதம்’ மாற்றுச்சொல்லாக, பக்கவாதத்தின் பக்கத்திலேயே இருக்கும்.

ஒன்று பாக்கி: பெனும்பிரா. குருதி குறைந்தும் இன்னும் சாகாத, காப்பாற்றக்கூடிய திசு. 24 மணிநேரம் வரை உறைவைக் கம்பிவழி இழுத்தெடுக்கலாமா என்பதை அதன் அளவு பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். பள்ளிப் பாடத்தின் கிரகணத்தில் இது ‘புறநிழல்’. அதையே எடுத்துக்கொள்ளலாமா, இல்லை உயிர் ஒட்டியிருப்பதைச் சொல்லும் வேறு சொல் உண்டா?