மறுமொழி: குறைந்த திறன் ஒலிபரப்புக் கருவிக்குத் தமிழில் என்ன?

> மாணவர் கையேட்டில் ‘சிற்றலைபரப்பி’ என்று போட்டிருக்கிறேன். சரிவருமா?

தம்பி, வணக்கம்.

கருவி விளக்கம் நன்றாக வந்திருக்கிறது. அலையைப் பிறப்பிக்கும் நான்கு கால் ஆஸிலேட்டர், மூன்று பென்சில் பேட்டரி, பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவிலிருந்து கழற்றிய ஆடியோ டிரான்ஸ்பார்மர். செல்போன் பாட்டு டிரான்ஸ்பார்மர் வழியே பேட்டரியிலிருந்து ஆஸிலேட்டருக்குப் போகும் மின்னழுத்தத்தை ஏற்றி இறக்க, வெளிவரும் அலையின் வீச்சும் கூடவே ஏறி இறங்குகிறது. ஒலியை அலைமேல் ஏற்றும் பண்பேற்றத்தை இதைவிடச் சிக்கனமாகக் காட்ட முடியாது.

சொல்தான் இடிக்கிறது. பாலக்கோடு, மாரண்டஅள்ளிப் பக்கம் ரேடியோ கேட்டு வளர்ந்தவர்களுக்குச் ‘சிற்றலை’ என்றால் 25 மீட்டர், 31 மீட்டர், 41 மீட்டர் அலைநீளம். உங்கள் கருவி வேலை செய்வது 1 மெகாஹெர்ட்ஸில். அலைநீளம் 300 மீட்டர். அசல் மத்திய அலை. ‘சிறிய அலைபரப்பி’ என்று நீங்கள் நினைத்தாலும், படிப்பவர் ‘சிற்றலையைப் பரப்புவது’ என்றுதான் பிரிப்பார்.

> அப்படியானால் ‘குறைதிறன் பரப்பி’?

‘பரப்பி’யில் சிக்கலில்லை, பாடநூலிலேயே பரப்பி, ஏற்பி என்று இருக்கிறது. ‘குறைதிறன்’ ஏதோ பழுதான கருவி மாதிரி காதில் விழுகிறது. அதை விடுங்கள், திறனை மட்டும் சொன்னால் போதாது என்பதுதான் என் கட்சி. அதே பேட்டரி, அதே ஆஸிலேட்டர். ஒரு மீட்டர் கம்பி கட்டினால் பக்கத்து அறை வரை கேட்கும். கம்பியைப் புளியமரத்தின் மேல் நீளமாக இழுத்துக் கட்டி, நல்ல எர்த்தும் கொடுத்தால் அடுத்த தெருவுக்கும் போகும். இந்த அலைநீளத்துக்குக் கால் அலைக் கம்பி என்பதே 75 மீட்டர். ஒரு மீட்டர் எந்த மூலைக்கு? உரிமம் இல்லாமல் பரப்ப இடம்தரும் அமெரிக்க விதியும் 100 மில்லிவாட் என்று திறனைச் சொல்வதோடு நிற்காமல், கம்பி 3 மீட்டருக்கு மேல் போகக்கூடாது என்றும் கட்டுகிறது. நம் நாட்டில் அந்தச் சலுகையைக் காட்டி வாதாட முடியாது. 1933ஆம் ஆண்டுச் சட்டம் கம்பியில்லாக் கருவியை வைத்திருக்கவே உரிமம் கேட்டது. கையேட்டில் இதைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.

ஆகவே எட்டும் தூரத்தைப் பெயரிலேயே வைப்போம்: ‘அண்மைப் பரப்பி’.

— தர்மபுரியிலிருந்து

~~~

அண்ணா, ‘அண்மை’யும் காலியாக இல்லையே. செல்போனைக் கருவிக்குப் பக்கத்தில் காட்டிப் பணம் கட்ட உதவும் என்.எஃப்.சி.யை ‘அண்மைப் புலத் தொடர்பு’ என்கிறார்கள். ‘அருகு’ பக்கம் போனால் அங்கே வைஃபை ‘அருகலை’யாக உட்கார்ந்திருக்கிறது. தவிர, ஏ.எம் (அலையின் வீச்சை மாற்றும் பண்பேற்றம்) என்பது பெயரில் எங்கே?

— ஓசூரிலிருந்து

~~~

என்.எஃப்.சி.க்காரர் ‘பரப்பி’ என்று சொல்வதில்லை. அந்தப் பின்பாதி நம்மைக் காப்பாற்றும்.

ஏ.எம் விஷயத்தில்தான் எனக்குப் பழைய கோபம். பண்பேற்றம் ஏ.எம்முக்கும் உண்டு, எஃப்.எம்முக்கும் உண்டு. ‘பண்பலை’ என்ற பெயரை எஃப்.எம் மட்டும் சுருட்டிக்கொண்டு போய்விட்டது. நம்ம தர்மபுரி வானொலியும் பண்பலைதான், இனி யாரிடம் முறையிடுவது? தலைப்பில் ஒருமுறை ‘மத்திய அலை அண்மைப் பரப்பி’ என்று முழுதாக எழுதி, பிறகு ‘அண்மைப் பரப்பி’ என்றே போகலாம்.

தம்பி, இன்னும் இரண்டு. இங்கே மத்திய அலை நிலையங்கள் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் அமர்பவை. 999 கிலோஹெர்ட்ஸ் கோவை வானொலியின் இடம். உங்கள் 1000 அதன்மேல் உரசினால் ஒரு கிலோஹெர்ட்ஸ் விசில் கேட்கும். அதை ‘இரைச்சல்’ என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு அதிர்வெண்களின் வித்தியாசத்தில் பிறப்பதற்குப் பாடநூலில் ‘விம்மல்’ என்று நல்ல சொல் இருக்கிறது, அதைப் போடுங்கள்.

அடுத்தது, கம்பிக்கு ‘அலைவாங்கி’ என்று போட்டிருக்கிறீர்கள். பரப்பியில் மாட்டிய கம்பி எதை வாங்குகிறது? ‘வானலைக் கம்பி’ என்று நான் சொன்னால் ஓசூர்க்காரர் நீளம் என்பார். அதைத் தனி இழையில் தொடங்குங்கள்.

— தர்மபுரியிலிருந்து