மார்பக இம்ப்ளான்ட் (மார்புக்குள் வைக்கும் செயற்கைப் பை) ஆபரேஷனுக்குப் பிறகு எந்த அறிகுறிக்கு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்? வார்டிலும் ஸ்கேன் அறையிலும் பார்ப்பவர்களின் அனுபவப் பகிர்வு

வார்டு_சிஸ்டர்:

புற்றுநோய்க்கு மார்பை எடுத்த பிறகு வைத்தாலும் சரி, சொந்த விருப்பத்தில் வைத்தாலும் சரி, முதல் இரண்டு நாள் நாங்கள் திரும்பத் திரும்பப் பார்ப்பது ஒன்றுதான்: ஒரு பக்கம் மட்டும் மாறுகிறதா? வலி, வீக்கம், தோல் கன்றிப்போவது எல்லாம் எல்லோருக்கும் வரும். நாளாக ஆகக் குறைந்துகொண்டே வந்தால் பயமில்லை. ஒரு பக்கம் மட்டும் சில மணி நேரத்துக்குள் விறைத்து, பெரிதாகி, வலி மாத்திரைக்கு அடங்காவிட்டால் உள்ளே ரத்தம் கட்டுகிறது என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். பெரும்பாலும் இது முதல் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். திரும்பத் திறந்து ரத்தத்தை எடுக்க வேண்டியிருக்கலாம். விட்டுவைத்தால் தோலுக்கு ரத்த ஓட்டம் குறையும், தொற்றுக்கும் இடம் கொடுக்கும்.

ட்ரெயின் குழாயோடு (உள்ளே தேங்கும் ரத்தத்தையும் நீரையும் வெளியே பாட்டிலுக்கு எடுக்கும் குழாய்) வீட்டுக்குப் போனவர்கள் தினமும் ஒரே நேரத்தில் அளந்து, அளவையும் நிறத்தையும் எழுதி வையுங்கள். முதலில் சிவப்பு, பிறகு இளஞ்சிவப்பு, பிறகு வைக்கோல் நிறம் என்று மாற வேண்டும். 24 மணி நேரத்தில் 30 மில்லிக்குக் கீழே, அதுவும் தொடர்ந்து இரண்டு நாள் வந்தால் பொதுவாக எடுத்துவிடுவார்கள். வெளிறியிருந்தது திடீரென்று மறுபடி சிவந்து நிறைந்தால் போன் செய்யுங்கள். இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை: குழாயில் ரத்தக்கட்டி அடைத்தால் பாட்டில் காலியாகவே இருக்கும், மார்பு மட்டும் வீங்கிக்கொண்டு போகும். பாட்டிலில் ஒன்றும் இல்லை என்பதை வைத்து நிம்மதி அடைய முடியாது.

கெண்டைக்கால் ஒன்று மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ மார்பைப் பார்த்துக்கொண்டிருக்காமல் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். காலில் கட்டிய ரத்தம் நுரையீரலுக்கு ஏறியிருக்கலாம்.

பிளாஸ்டிக்_சர்ஜரி_டாக்டர்:

சிஸ்டர் சொன்னதற்கு அடுத்த கட்டத்தை நான் சொல்கிறேன். தொற்று பெரும்பாலும் முதல் சில வாரங்களில் வெளிப்படும். காய்ச்சல் 100.4 ஃபாரன்ஹீட்டைத் தாண்டுவது, சிவந்து சூடாவது, தையலில் கசிவு. சிவப்பின் ஓரத்தைப் பேனாவால் வரைந்து நேரத்தையும் எழுதி வையுங்கள். கோட்டைத் தாண்டிப் பரவினால் அன்றைக்கே காட்ட வேண்டும். வீட்டில் மீந்து கிடக்கும் ஆன்டிபயாட்டிக்கை மட்டும் போடாதீர்கள். பாதி அடங்கிய கிருமி கல்ச்சரில் (கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கும் சோதனை) வளராமல் போகலாம், எந்தக் கிருமி என்று தெரியாமலே சிகிச்சை தொடங்க வேண்டி வரும். கடும் காய்ச்சலோடு வெயிலில் சுட்டதுபோல உடம்பெல்லாம் சிவந்து, வாந்தி, பேதி, தலைசுற்றல் வந்தால் அது கிருமியின் நச்சு ரத்தத்தில் கலந்த நிலை. அரிது, ஆனால் உயிருக்கு ஆபத்து.

காய்ச்சலே இல்லாத தொற்றும் உண்டு, அதுதான் ஏமாற்றும். தையல் ஆறியதுபோல் இருக்கும், மறுபடி ஒரு சின்னத் துளை விழுந்து நீர் கசியும். வழக்கமான மருந்துக்கு மசியாது. கல்ச்சர் ரிப்போர்ட்டில் ‘கிருமி இல்லை’ என்று வரும். காசநோய்க் கிருமியின் குடும்பத்தைச் சேர்ந்த, தண்ணீரிலும் மண்ணிலும் வாழும் வகைகள் இப்படிச் செய்யும். சாதாரணக் கல்ச்சரை இரண்டு மூன்று நாளில் முடித்துவிடுவார்கள், இவை வளர அதைவிட அதிக நாள் வேண்டும். வாரக்கணக்கில் கசிந்தால் ‘ஏஎஃப்பி ஸ்டெயினும் மைக்கோபாக்டீரியா கல்ச்சரும் அனுப்பலாமா டாக்டர்?’ என்று (இந்தக் குடும்பக் கிருமிகளைச் சாயமேற்றியும் வளர்த்தும் பார்க்கும் சோதனைகள்) கூச்சப்படாமல் கேளுங்கள். உறுதியானால் பெரும்பாலும் இம்ப்ளான்டை எடுத்துவிட்டு, மாதக்கணக்கில் கூட்டு மருந்து சாப்பிட வேண்டியிருக்கும்.

அடுத்தது இறுக்கம். இம்ப்ளான்டைச் சுற்றி உடம்பு ஒரு உறையைக் கட்டுவது இயல்பு. அந்த உறை சுருங்கித் தடிப்பதுதான் பிரச்சினை. இந்த இறுக்கத்தை நான்கு நிலையாகப் பிரிக்கும் பேக்கர் அளவீட்டில் முதல் நிலை மிருது, இரண்டாவது கைக்கு லேசாகக் கெட்டி, மூன்றாவதில் கண்ணுக்கே வடிவம் மாறித் தெரியும், நான்காவதில் வலியும் சேரும். ரேடியேஷன் எடுத்த மார்பில் இதற்கு வாய்ப்பு அதிகம், அதை முன்பே தெரிந்து வைத்திருங்கள். இறுகியதைக் கையால் பலமாக அமுக்கி உடைக்கும் பழைய முறை ஒன்று இருந்தது. இம்ப்ளான்டே கிழிந்துவிடும் என்பதால் அது கைவிடப்பட்டது. யார் செய்ய முன்வந்தாலும் மறுத்துவிடுங்கள்.

ஸ்கேன்_அறை:

கிழிசல் பற்றி நான் எழுதுகிறேன். உள்ளே உப்புநீர் நிரப்பிய இம்ப்ளான்ட் கிழிந்தால் சில நாளிலேயே மார்பு சப்பிவிடும், உப்புநீரை உடம்பு உறிஞ்சிக்கொள்ளும். சிலிகான் ஜெல் நிரப்பியது அப்படியில்லை. கிழிந்தும் ஜெல் உறைக்குள்ளேயே நின்றுவிட்டால் வெளியே ஒன்றும் தெரியாது, தொட்டுப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாமல் போகும். அதனால்தான் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் 5 முதல் 6 ஆண்டில் முதல் அல்ட்ராசவுண்ட் அல்லது எம்ஆர்ஐ, பிறகு 2 முதல் 3 ஆண்டுக்கு ஒருமுறை என்று 2020-இல் பரிந்துரைத்தது. கிழிசலை மட்டும் பார்க்கும் எம்ஆர்ஐக்கு கான்ட்ராஸ்ட் ஊசி (படம் தெளிவாகத் தெரியப் போடும் மருந்து) தேவையில்லை. புற்றுநோய் பற்றிய கேள்வியும் இருந்தால்தான் அது வேண்டும். எனவே எதற்காக ஸ்கேன் என்பதைச் சீட்டில் தெளிவாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சிலிகான் வெளியே கசிந்தால் அக்குளில் நெறிகட்டலாம். புற்றுநோயைத் தேடும் பெட் ஸ்கேனில் அந்தக் கட்டிகள் ஒளிர்ந்து, புற்றுநோய் திரும்பிவிட்டதோ என்று குடும்பமே கலங்கும். இம்ப்ளான்ட் இருக்கிற விவரம் ரிப்போர்ட் எழுதுபவருக்குத் தெரிந்தாக வேண்டும். சொந்த மார்புத் திசு இருப்பவர்கள் மேமோகிராமையும் (மார்பக எக்ஸ்ரே) நிறுத்தக் கூடாது. உள்ளே போகும் முன்பே டெக்னீஷியனிடம் சொல்லுங்கள். இம்ப்ளான்டைப் பின்னால் தள்ளி, திசுவை மட்டும் முன்னால் இழுத்துக் கூடுதல் படங்கள் எடுப்பார்கள்.

லேப்_பெத்தாலஜி:

நான் ஒரே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். எல்லாம் ஆறி வருடங்கள் ஆன பிறகு, அடிபடாமல், காய்ச்சல் இல்லாமல், ஒரு பக்க மார்பு மட்டும் வீங்கினால், அந்த நீரை உறிஞ்சிக் கீழே ஊற்றிவிட விடாதீர்கள். அது இம்ப்ளான்டைச் சுற்றியுள்ள உறையில் வரும் ஒரு லிம்ஃபோமாவாக (நிணநீர் மண்டலச் செல்களில் தோன்றும் புற்றுநோய்) இருக்கலாம். மார்பகப் புற்றுநோயிலிருந்து இது வேறானது. சொரசொரப்பான மேற்பரப்புள்ள இம்ப்ளான்ட்களோடுதான் பெரிதும் தொடர்புடையது, சராசரியாக 8 முதல் 10 ஆண்டில் தெரியவரும். எஃப்டிஏ 2011-இல் முதல் எச்சரிக்கை விட்டது. 2019 ஜூலையில் அல்லர்கன் கம்பெனி சொரசொரப்பான தன் பயோசெல் வகை இம்ப்ளான்ட்களை உலகெங்கும் திரும்பப் பெற்றது.

அல்ட்ராசவுண்டில் பார்த்தபடி ஊசியால் நீரை எடுத்து, முடிந்தால் 50 மில்லியாவது, செல் பரிசோதனைக்கும் சிடி30 சோதனைக்கும் (இந்த லிம்ஃபோமா செல்களில் இருக்கும் ஒரு புரதத்தைத் தேடுவது) அனுப்ப வேண்டும். சீட்டில் ‘இம்ப்ளான்டைச் சுற்றி நீர், லிம்ஃபோமா சந்தேகம்’ என்று எழுதாமல் வந்தால் லேபில் சாதாரண நீராகப் பார்த்துவிடும் அபாயம் உண்டு. முதல் முறை எடுக்கும் நீரில்தான் செல்கள் அதிகம், அதை வீணாக்கினால் அடுத்த முறை பதில் கிடைக்காமல் போகலாம். உறைக்குள்ளேயே இருக்கும்போது கண்டுபிடித்து, இம்ப்ளான்டையும் உறையையும் முழுதாக எடுத்தால் பெரும்பாலானோர் குணமாகிறார்கள். வீக்கம் இல்லாதவர்கள் பயந்து முன்கூட்டியே எடுக்க வேண்டும் என்று எந்தப் பெரிய அமைப்பும் சொல்லவில்லை.

வார்டு_சிஸ்டர்:

இரண்டு சின்ன விஷயம் விட்டுப்போனது. மார்பை எடுத்த பிறகு மறுசீரமைத்த மார்பில் உணர்ச்சி பெரும்பாலும் இருக்காது, அல்லது குறைந்திருக்கும். வெந்நீர்ப் பை, ஐஸ் ஒத்தடம் இரண்டுமே தோலைப் புண்ணாக்கிய பிறகுதான் தெரியும், வைக்காதீர்கள். மார்புக்குக் கீழே தோலுக்கடியில் கயிறு மாதிரி இழுத்துப் பிடித்து வலித்தால் பெரும்பாலும் மேலோட்டமான ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்ததுதான், சில வாரத்தில் தானாகக் கரையும். ஆனாலும் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

பிளாஸ்டிக்_சர்ஜரி_டாக்டர்:

இம்ப்ளான்ட் வைத்த பிறகு ஓயாத களைப்பு, மூட்டுவலி, மறதி என்று வருபவர்களை ‘மனசுதான் காரணம்’ என்று திருப்பி அனுப்புவது தவறு. இம்ப்ளான்ட்தான் காரணம் என்று உறுதிசெய்ய ஒரு டெஸ்டும் இல்லை என்பது உண்மை. அதனால்தான் தைராய்டு, ஹீமோகுளோபின், பி12, வாத நோய்க்கான சோதனைகளை முதலில் பார்க்க வேண்டும். இம்ப்ளான்டை எடுத்த பிறகு சிலருக்குக் குறைகிறது, எல்லோருக்கும் அல்ல.

இம்ப்ளான்ட் கார்டைப் போட்டோ எடுத்துப் போனில் வைத்திருங்கள். கம்பெனி, சீரியல் எண், லாட் எண், அளவு, மேற்பரப்பு வழவழப்பா சொரசொரப்பா என்பதெல்லாம் அதில் இருக்கும். தொலைந்திருந்தால் ஆபரேஷன் நடந்த இடத்தில் மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவில் ஆபரேஷன் நோட்டின் நகலைக் கேளுங்கள். பெட்டியில் வந்த ஸ்டிக்கரைப் பெரும்பாலும் அதில்தான் ஒட்டியிருப்பார்கள்.