கூரைப் பெட்டி: அந்த 75 கிலோவில் பெட்டியின் எடை சேருமா, சேராதா?

கணக்குப்பிள்ளை:
கோடை முகாம் இழையில் மார்க்கம் மாமா எழுதியதைப் பார்த்ததில் இருந்து எரிச்சல் அடங்கவில்லை. புதிதாக வான் வாங்கிய ஒரு பிள்ளை, வண்டிக் கூரைக்கு மேல் பூட்டுகிற பெட்டிக்குள் எவ்வளவு சாமான் ஏற்றலாம் என்று பணிவாகக் கேட்டது. மாமாவின் பதில்: "75 கிலோ. பெட்டியின் எடை கணக்கில் வராது, பயப்படாமல் ஏற்று." அதற்குக் கீழே ஆளாளுக்கு நன்றி வேறு.

வண்டிக் கையேட்டில் கூரைச் சுமை 75 கிலோ என்றால், கூரைக்கு மேலே இருக்கிற எல்லாம் அதற்குள் அடக்கம். பெட்டியைத் தாங்குகிற குறுக்குப் பட்டை இரண்டும் 5, 6 கிலோ வரும். 450 லீற்றர் பெட்டி வெறுமையாகவே 20 கிலோ அளவு. சாமானுக்கு மிஞ்சுவது 50 கிலோவுக்கும் உள்ளே. கொழும்புக்குக் கொண்டுபோகிற 23 கிலோ சூட்கேஸ் இரண்டை வைத்தால் சரி, முடிந்தது.

மார்க்கம் மாமா:
தம்பி, எனக்குத் தனியாக ஒரு இழையே திறந்துவிட்டீர், நன்றி. பெட்டியின் மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதைப் படித்தீரோ? 75 கிலோ என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. பெட்டியைச் செய்கிற தூலே 1942 இல் சுவீடனில் தொடங்கிய நிறுவனம். அவர்களுக்குத் தெரியாதது உமக்குத் தெரியுமோ? பெட்டிக்குள் 75 ஏற்றலாம் என்றால் பெட்டிக்குள் 75. பெட்டி தனக்குள்ளே தானே போய் இருக்குமோ?

கணக்குப்பிள்ளை:
ஸ்டிக்கர் பெட்டியைப் பற்றிப் பேசுகிறது. கூரை உங்கள் வானுடையது. நான் கேட்பது ஒன்றுதான்: கையேட்டில் இருக்கும் 75 இல் பெட்டி சேருமா, சேராதா? ஆம் அல்லது இல்லை.

மார்க்கம் மாமா:
இல்லை.

மிசிசாகா மதுரைக்காரன்:
அண்ணே, ரெண்டு பேரும் ரெண்டு வேற 75-ஐ வச்சுக்கிட்டு மல்லுக்கட்டுறீங்க. ஸ்டிக்கர்ல இருக்கறது பெட்டி தாங்கற அளவு, கையேட்டுல இருக்கறது கூரை தாங்கற அளவு. பட்டைக்கும் தனியா ஒரு அளவு உண்டு. மூணுல எது குறைவோ அதைப் பார்த்து ஏத்தணும். எல்லா வண்டிக்கும் 75-ம் கிடையாது, சிலதுக்கு 50, சிலதுக்கு 100.

மார்க்கம் மாமா:
100 என்று ஒருவர் சொல்லிவிட்டார். பார்த்தீரோ தம்பி கணக்கு?

கணக்குப்பிள்ளை:
அவர் 50 என்றும் சொன்னார். உங்களுக்குப் பிடித்த எண் மட்டும்தான் கண்ணில் படுகிறது. சரி, ஒன்ராறியோ நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 111ஆம் பிரிவு தெரியுமா? சுமை அசையாமல், கழன்று விழாமல் கட்டப்பட்டிருக்க வேண்டும். 401 நெடுஞ்சாலையில் பெட்டி பறந்து பின்னால் வருகிறவனின் கண்ணாடியில் விழுந்தால், பொலிசிடம் போய் ஸ்டிக்கரைக் காட்டுங்கள்.

மார்க்கம் மாமா:
111ஆம் பிரிவில் 75 கிலோ என்று எங்கே இருக்கிறது? கட்டு என்றுதான் இருக்கிறது. நான் கட்டத்தான் செய்கிறேன். நான் இந்த நாட்டுக்கு வந்தபோது கூரைப் பெட்டி என்று ஒன்று எங்களிடம் இல்லை. கயிறும் நீலத் தறப்பாளும்தான். மெத்தை, அரிசி மூட்டை எல்லாம் மேலே கட்டி மொன்றியல் வரை போனோம். கூரை உள்ளே வந்துவிடவில்லை. இன்னொன்று, இப்போது கூரைக்கு மேல் கூடாரம் விரித்து இரண்டு பேர் படுக்கிறார்கள். அந்த இரண்டு பேரும் 75 கிலோவுக்குள்ளேயோ?

கணக்குப்பிள்ளை:
அது நிறுத்திவைத்த வண்டி மாமா. நிற்கும்போது கூரை தாங்குவது பல மடங்கு அதிகம். ஓடும்போது பிரேக் பிடித்தால், வளைவில் திரும்பினால், பக்கக் காற்று அடித்தால், அந்தச் சுமை பட்டையை இழுக்கும், வண்டியைச் சரிக்கும். அதனால்தான் ஓடுகிற வண்டிக்குத் தனியாக 75 என்று போட்டிருக்கிறான். அந்த 75 இல் பெட்டியும் அடக்கம்.

மார்க்கம் மாமா:
இல்லை.

அஜாக்ஸ் அக்கா:
75 ஐ விடுங்கோ. போன வருடம் ஒருவர் என் பெட்டியை இரவல் வாங்கிக்கொண்டு மொன்றியலுக்குக் கலியாணத்துக்குப் போனார். திரும்பி வந்தபோது மூடியின் முன் மூலையில் வெடிப்பு, இரண்டு சாவியில் ஒன்றைக் காணவில்லை. உள்ளே ஆளுயரக் குத்துவிளக்கைக் கிடத்திக் கொண்டுபோனதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அதே ஆள் இங்கே வந்து எடைக்கணக்கு பாடம் எடுக்கிறார்.

மார்க்கம் மாமா:
ஆஹா. குத்துவிளக்கு எத்தனை கிலோ தம்பி? பட்டையோடா, பட்டை இல்லாமலா?

கணக்குப்பிள்ளை:
விளக்கைக் கழற்றி, துணியில் சுற்றி, இரண்டு பட்டைக்கும் நடுவில்தான் வைத்தேன். 50 கிலோவைத் தாண்டவே இல்லை, ஏற்றுவதற்கு முன் சூட்கேஸ் தராசில் நிறுத்தேன். வெடிப்புக்குக் காரணம் அக்கா அதை வருடக்கணக்காகப் பின்வளவில் வெயிலிலும் பனியிலும் போட்டு வைத்தது. அது ஏபிஎஸ் பிளாஸ்டிக். வெயில் தொடர்ந்து பட்டால் நிறம் மங்கி, தன்மை கெட்டு, குளிரில் ஒரு தட்டுத் தட்டினாலே வெடிக்கும். கராஜில் வைத்திருந்தால் இந்தப் பேச்சே இல்லை.

அஜாக்ஸ் அக்கா:
கராஜில் வைக்க இடம் இருந்தால் வைத்திருக்க மாட்டேனோ? இரவல் கொடுக்கும்போது வெடிப்பு இல்லை. உமக்கு அனுப்பிய படம் இன்னும் என் கைப்பேசியில் இருக்கிறது.

மிசிசாகா மதுரைக்காரன்:
கராஜ் கூரையில் தொங்கவிடலாம் அக்கா. அகலப் பட்டி ரெண்டு, அடிப்பக்கமாக் கொடுத்து, கப்பி வச்சுத் தூக்கிட்டா வானுக்கு மேலயே நிக்கும். ஆனா கொக்கியை மரச்சட்டத்துல அடிக்கணும், வெறும் பலகைச் சுவர்ல இல்ல. கராஜ் கதவு மேலே ஏறுற தண்டவாளத்தையும் முதல்ல பார்த்துக்கணும்.

மார்க்கம் மாமா:
தொங்கவிடாதீர்கள் அக்கா. நாளடைவில் பட்டி இருக்கிற இடத்தில் அடித்தட்டு வளையும். என்னுடையதை நெட்டுக்குத்தாகச் சுவரில் சாத்தி, கீழே பழைய கம்பளம் போட்டு, இடுப்பில் ஒரு கயிறு கட்டி வைத்திருக்கிறேன். புதிது போல இருக்கிறது.

கணக்குப்பிள்ளை:
கழற்றியே வைக்காத பெட்டிக்குக் கம்பளம் எதற்கு மாமா? கார்த்திகையில் பார்த்தபோதும் உங்கள் பெட்டி வானுக்கு மேலேதான் இருந்தது, தை மாதத்திலும் அங்கேதான். கோயில் வாகன நிறுத்தத்தில் ஊரே பார்க்கிறது. அமெரிக்க எரிசக்தித் துறையின் எரிபொருள் தளத்தில் போய்ப் பாருங்கள். பெரிய மொட்டை முகப் பெட்டி இருந்தால் நகரத்துக்குள் 2 முதல் 8 சதவீதம், மணிக்கு 105 முதல் 120 கிலோமீட்டர் வேகத்தில் 10 முதல் 25 சதவீதம் வரை எரிபொருள் சிக்கனம் குறையும். வெறும் பெட்டிக்கும் காற்று அடிக்கத்தான் செய்யும்.

மார்க்கம் மாமா:
என் பெற்றோல், என் காசு. உமக்கு ஏன் எரிகிறது? அதோடு என் பெட்டி முன்னுக்குக் கூரானது, மொட்டை இல்லை. கார்த்திகையில் பனி வழுக்கலில் ஏணி வைத்துக் கழற்றிக் காலை முறித்துக்கொள்ளச் சொல்கிறீரோ?

22ஆம் மாடி:
ஒரு சின்ன சந்தேகம். நான் கொண்டோ அடுக்குமாடியில் இருக்கிறேன், நிலக்கீழ் வாகன நிறுத்தம். வாசலில் 2 மீட்டர் உயரத்துக்கு மேல் போகாதே என்று பலகை தொங்குகிறது. பெட்டி போட்டால் உள்ளே போகுமா? கழற்றினால் எங்கே வைப்பது? கீழே கொடுத்திருக்கும் களஞ்சிய அறை பெட்டியின் நீளத்துக்குக் காணாது.

கணக்குப்பிள்ளை:
போகாது. வான் 1.75 மீட்டர் அளவு, பட்டையும் பெட்டியும் சேர்ந்து அரை மீட்டர். பலகையில் இடித்த பிறகுதான் பலருக்குத் தெரிய வருகிறது. மடிக்கக்கூடிய துணிப் பை வாங்குங்கள், 10 கிலோவும் வராது, கட்டிலுக்குக் கீழே போய்விடும். அப்போது 75 இல் சாமானுக்கு இன்னும் கூட மிஞ்சும். மாமா கவனிக்க: பெட்டியின் எடை குறைந்தால் சாமானின் எடை கூடுகிறது. ஏன்? பெட்டியும் அந்த 75 இல் அடக்கம் என்பதால்.

மார்க்கம் மாமா:
துணிப் பையில் மழைத் தண்ணி தையல் வழியே இறங்கும். அந்தப் பிள்ளைக்குத் தப்பான வழி காட்டாதீர். வானுக்குப் பின்னால், இழுவை வண்டி பூட்டுகிற கொக்கியில் மாட்டுகிற பெட்டி வாங்கட்டும். 2 மீட்டர் பிரச்சினையும் இல்லை, உம்முடைய கூரைக் கணக்கும் இல்லை.

மிசிசாகா மதுரைக்காரன்:
பின்பக்கம் மாட்டினா எரிபொருள் சிக்கனமும் அவ்வளவா குறையாது, மாமா சொல்றது நியாயம்தான்.

கணக்குப்பிள்ளை:
மதுரைக்காரர் எப்போது மாமா கட்சிக்குப் போனார்? அந்தக் கொக்கிக்கும் ஒரு சுமை அளவு இருக்கிறது. அதிலும் பெட்டியின் எடை சேரும்.

மிசிசாகா மதுரைக்காரன்:
நான் எந்தக் கட்சியும் இல்லண்ணே. மொதல்லயே ரெண்டும் வேற வேற 75-ன்னு சொன்னேன், யாரும் காதுல வாங்கல. ஊர்ல சுமோ மேல கேரியர் போட்டு, ஆட்டுக்கல்லு வரைக்கும் ஏத்திக்கிட்டு கொடைக்கானல் ஏறுவாங்க.

மார்க்கம் மாமா:
அதைத்தான் நானும் சொல்கிறேன்.

மிசிசாகா மதுரைக்காரன்:
இல்ல மாமா, அது சரின்னு நான் சொல்லல.

அஜாக்ஸ் அக்கா:
மூடி மாற்ற எவ்வளவு ஆகும் என்று கடையில் கேட்டேன். மூடி மட்டும் தனியாக எடுப்பது கஷ்டமாம், புதுப் பெட்டிக்குக் கிட்டத்தட்ட வந்துவிடுமாம். சாவி நம்பர் பூட்டிலேயே இருக்கிறது, அதையாவது ஓடர் பண்ணித் தரலாம்தானே? இதற்கும் கூட்டிக் கழித்துப் பார்க்க வேண்டுமோ?

கணக்குப்பிள்ளை:
அக்கா, சாவி விஷயத்தைத் தனிச் செய்தியில் பேசலாம். இங்கே ஒரு முக்கியமான விஷயம் ஓடிக்கொண்டிருக்கிறது. மாமா, நேரடியாகவே வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டில் பெட்டியைக் கழற்றி நிறுப்போம். கையேட்டையும் எடுத்து வையுங்கள்.

மார்க்கம் மாமா:
வாரும். ஸ்டிக்கரைத் திறந்து காட்டுகிறேன். தராசும் என்னிடம் இருக்கிறது.

கணக்குப்பிள்ளை:
உங்கள் தராசு வேண்டாம். அதை நம்பிக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் சூட்கேஸைப் பிரித்துத் தேயிலைப் பைக்கற்றுகளை வெளியே எடுத்தவர் யார் என்று இங்கே பலருக்குத் தெரியும். நான் என்னுடையதைக் கொண்டு வருகிறேன்.

மார்க்கம் மாமா:
அந்தத் தராசில் எந்தப் பிழையும் இல்லை. விமான நிலையத் தராசுதான் கூடக் காட்டியது. அதைப் பற்றி அன்றைக்கே எழுதியிருக்கிறேன், பழைய இழையைத் தேடிப் பாரும்.

கணக்குப்பிள்ளை:
தேடினேன். அங்கேயும் சூட்கேஸின் எடை 23 கிலோவில் சேராது என்றுதான் எழுதியிருக்கிறீர்கள்.