லண்டன் ஸ்ட்ராட்ஃபோர்டு: ஆலை நிலத்தில் அரங்கம் எழுந்தது எப்படி, செலவு எகிறியது ஏன்?

மாறன்_கே (கேள்வி):
2012 ஒலிம்பிக் பூங்கா எழுந்த லீ ஆற்றுப் பகுதி நூறு வருஷத்துக்கு மேல் ரசாயன ஆலை, எரிவாயு ஆலை, குப்பைமேடு என்று கிடந்த இடம். அந்த மண்ணை லாரியில் ஏற்றி வெளியே கொட்டினார்களா, அங்கேயே சுத்தம் செய்தார்களா? அரங்கத்தைக் கால்பந்துக்கு மாற்ற மட்டும் 32.3 கோடி பவுண்டு ஆனது ஏன்?

நிலத்தடி:
பெரும்பகுதி அங்கேயே. தோண்டிய மண் சுமார் 20 லட்சம் டன். ஐந்தில் நான்கு பங்கு அதே பூங்காவில் திரும்பப் பயன்பட்டது. முதலில் செங்கல், இரும்புத் துண்டுகளைச் சலித்து எடுப்பார்கள். பிறகு தண்ணீர் பாய்ச்சி, ஜல்லி, மணல், வண்டல் என்று அளவுவாரியாகப் பிரிப்பார்கள். தார், எண்ணெய், கன உலோகம் எல்லாம் நுண்ணிய வண்டலில்தான் ஒட்டும். அதனால் கழுவிய மணலும் ஜல்லியும் தேறும். பிழிந்த வண்டல் மட்டும் வெளியே போகும். களிமண் அதிகமுள்ள மண்ணைக் கழுவிப் பயனில்லை, பாதிக்கு மேல் கழிவாகவே மிஞ்சும். அப்படிப்பட்டதை எண்ணெய்க் கசடு என்றால் குவித்துக் காற்றோட்டம் கொடுத்து நுண்ணுயிர்களிடம் விடலாம். உலோகம் என்றால் சிமென்ட் கலந்து கட்டிப்போடலாம்.

பலரும் கோட்டைவிடுவது பைல் (மண்ணில் ஆழமாக இறக்கும் அஸ்திவாரத் தூண்) அடிக்கும்போது. மேலே அழுக்கு மண், ஆழத்தில் நிலத்தடி நீரைத் தேக்கிவைக்கும் சுண்ணப்பாறை அடுக்கு. பைலை ஒட்டிய இடைவெளி வழியாக மாசு கீழே இறங்கிவிடும். பைல் முறையை முடிவு செய்யும்போதே இதைச் சோதிக்க வேண்டும்.

எஃகுச்சட்டம்:
செலவுக்கு வருகிறேன். அரங்கம் 80,000 பேருக்கு. கீழ்த்தட்டில் 25,000 இருக்கை நிரந்தரம், மேலே 55,000 கழற்றி எடுக்க. பிற்பாடு சிறிய தடகள அரங்கமாக நிற்கும் என்பதே கணக்கு. அதனால் சட்டகம் இலகு. கூரையும் இருக்கைகளில் மூன்றில் இரண்டு பங்கை மட்டும் மூடியது.

வெஸ்ட் ஹாம் கால்பந்து கிளப் வாடகைக்கு வருவது 2013-ல்தான் உறுதியானது. மேல்தட்டு தங்கிவிட்டது. ஓடுதளமும் இருக்க வேண்டும், ரசிகர்கள் மைதானத்தை ஒட்டியும் உட்கார வேண்டும் என்றதால் கீழ் இருக்கைகள் ஓடுதளத்தின் மேல் நகரும்படி ஆயின. இருக்கை முன்னே வந்தால் கூரையும் வரவேண்டும்: 84 மீட்டர் வரை நீளும் கேன்டிலீவர் கூரை, அதாவது உள்முனையில் தூணே இல்லாமல் நீட்டி நிற்பது. அந்தப் பாரத்துக்காகப் போடப்பட்ட சட்டகமல்ல அது, வலுப்படுத்த வேண்டியதாயிற்று. 14 விளக்குக் கோபுரங்களையும் கழற்றி, விளக்குகளைக் கூரைக்கு அடியில் தொங்கவிட்டார்கள். இருக்கைகளை நகர்த்த ஆண்டுக்கு 3 லட்சம் பவுண்டு என்றவர்கள் 2016-ல் 80 லட்சம் என்றார்கள். கிளப் அப்போது தந்த அடிப்படை வாடகையோ ஆண்டுக்கு 25 லட்சம்.

மான்செஸ்டர் அரங்கத்தைப் பாருங்கள். அதுவும் பழைய ஆலைப் பகுதி. 2002 காமன்வெல்த் போட்டிக்கு முன்பே மான்செஸ்டர் சிட்டி கால்பந்து கிளப் வருவது தீர்மானம். ஓடுதளத்தை எடுத்துத் தரையைத் தோண்டி இறக்கி, அங்கே கீழ்த்தட்டு கட்டினார்கள். 2003-ல் கால்பந்து தொடங்கியது. வாடகைக்கு வருபவர் யார் என்று தெரியாமல் அஸ்திவாரம் போடவே கூடாது.

பட்டறை_வாசல்:
ஆலைகள் காலி என்று நினைக்காதீர்கள். 200-க்கு மேற்பட்ட தொழில்கள் நடந்துகொண்டிருந்தன, சுமார் 5,000 பேருக்கு வேலை. கிளேஸ் லேன் கூட்டுறவுக் குடியிருப்பில் 400-க்கு மேற்பட்டோர் வாழ்ந்தார்கள். பிரிட்டனின் கட்டாய நிலமெடுப்பில், திட்டத்தால் ஏறிய மதிப்பைக் கழித்துத்தான் இழப்பீடு. ஆனால் பக்கத்தில் இடம் தேடினால் ஏறிய விலைதான் கேட்பார்கள். குறுகியகாலக் குத்தகைப் பட்டறைக்காரருக்கு நிலமதிப்பில் பங்கே கிடையாது. எந்த ஊரிலானாலும் குத்தகை மிச்சம் எத்தனை வருஷம் என்பதை முதல் நோட்டீஸுக்கு முன்பே பாருங்கள்.

மாறன்_கே:
நன்றி. அங்கே இப்போது மரம் நடக் குழி தோண்டலாமா?

நிலத்தடி:
மேலே குறைந்தது 60 செ.மீ. சுத்தமான மண். அதற்கடியில் ஆரஞ்சு நிறத் துணிவிரிப்பு, எல்லை தெரிவதற்காக. மண்வெட்டியில் ஆரஞ்சு பட்டால் அங்கேயே நிறுத்தி, பூங்கா நிர்வாகத்திடம் கேட்க வேண்டும். கிழித்துவிட்டால் ஒட்டுப்போட்டு, மேலே பழைய கனத்துக்குச் சுத்த மண் நிரப்பணும்; தோண்டிய அடிமண்ணை மேலே கலக்கக் கூடாது.