சுரங்கத் தண்ணீரில் துத்தநாகம் இறங்கவில்லை, யோசனை வேண்டும்

சின்ன கடும்பாறைச் சுரங்கம். சுரங்க வாயிலிருந்து வினாடிக்கு 2 லிட்டர் தண்ணீர், பிஎச் 4 சுமார். பைரைட் (அமிலத்தை உண்டாக்கும் இரும்பு-கந்தகக் கனிமம்) உள்ள கழிவுப் பாறைக் குவியலின் கசிவும் அதே வாய்க்காலில்தான் சேர்கிறது. அதில் சுண்ணாம்புக்கல் ஜல்லி கொட்டியதும் பிஎச் ஏறியது, பிறகு நின்றுவிட்டது. ஒரு கல்லை உடைத்தால் உள்ளே வெளிர் நிறம், மேலே நகக் கனத்துக்குத் துரு. அந்த இடத்தைச் சுரண்டி அமிலம் விட்டால் நுரைக்கிறது. கல் தீரவில்லை, மூடிக்கொண்டது.

இப்போது நீற்றிய சுண்ணாம்புக் கரைசல். இரும்பு சுலபமாகப் படிகிறது. துத்தநாகம் நன்றாக இறங்க பிஎச் 9-ஐத் தாண்ட வேண்டும். வெளியேற்ற வரம்போ 6 முதல் 9. ரொம்ப ஏற்றினால் படிந்த அலுமினியம் மறுபடி கரையும் வேறு.

படிவுக் குட்டை 90 கன மீட்டர். காலியாக இருந்தால் 12 மணி நேரத்துக்குச் சற்று மேல் தண்ணீர் தங்கும். பாதி சேறு என்பதால் இப்போது 6 மணிதான். (மழைநீரைத் திருப்பும் மேட்டு வடிகாலைத் தூர்வாரியாச்சு, அதைச் சொல்ல வேண்டாம்.)

சேற்றில் ஒரு பங்கைச் சுண்ணாம்புத் தொட்டிக்கே திருப்பினால் சேறு கெட்டிப்படும், சரி. இவ்வளவு சின்ன ஓட்டத்தில் எந்த வகைப் பம்ப் அடைக்காமல் ஓடுகிறது? கடைசியில் பிஎச்சை இறக்க கரியமில வாயு விட்டவர்கள் உண்டா? துத்தநாக அளவு சொல்பவர்கள் வடிகட்டிய, வடிகட்டாத தண்ணீரின் இரண்டு எண்களையும் போடுங்கள். துத்தநாகம் கரைந்து போகிறதா, துகளாக மிதந்து போகிறதா என்பது அதில்தான் தெரியும்.