மரகைபோ எஸ்பெஷியல்: மோந்தா பட்டை, குடிச்சா புளிப்பு. இது இப்படித்தானா?

கரிசல்காட்டான்:
வணக்கம் மக்களே. மிச்சிகன் வந்து ரெண்டு வருஷம் ஆச்சு, இதுவரைக்கும் பீர்ல சாதாரண லாகர், கசப்பு தூக்கலான ஐபிஏ தாண்டி போனதில்ல. போன வாரம் ஜாலி பம்ப்கினோட மரகைபோ எஸ்பெஷியல் பீர் 750 மில்லி பாட்டில் ஒண்ணு வாங்கிட்டு வந்தேன். ப்ரூவரி இங்க டெக்ஸ்டர்தான், உள்ளூர் சரக்கு. ப்ரவுன் ஏல்னு ஒரு பழுப்பு பீர், ஆல்கஹால் 7.5 சதவீதம், கொக்கோ, பட்டை, ஆரஞ்சு தோல் எல்லாம் போட்டதுன்னு படிச்சதும் நான் என்ன நினைச்சேன்னா கிறிஸ்துமஸ் ப்ளம் கேக் மாதிரி கொழகொழன்னு இனிப்பா இருக்கும்னு.

ஊத்துனா கலர் நல்லா இருக்கு, லைட்ல புடிச்சு பாத்தா ஓரத்துல செவப்பு தெரியுது, நுரை பழுப்பு. வீட்டம்மா மோந்து பாத்துட்டு "என்னங்க இது, பிரியாணிக்கு தாளிச்ச மாதிரி இருக்கு"ன்னா. சரின்னு ஒரு வாய் குடிச்சேன் பாருங்க, ஒரு கண்ணு தானா மூடிக்கிச்சு. புளிப்பு! எலுமிச்சை புளிப்பும் இல்ல, புளித்தண்ணி புளிப்பும் இல்ல, அதுக்குப் பின்னாடி ஈர மரம், பழைய பரண் மாதிரி ஒரு வாசனை. சாக்லேட்ட தேடுனேன், ஆளே காணோம். பிடிக்கலன்னு சொல்ல மாட்டேன், கிளாஸ முடிச்சுட்டேன், ஆனா பட்டை வாசனை ஒண்ண சொல்லுது நாக்கு வேற ஒண்ண சொல்லுது. இது இப்படித்தான் இருக்கணுமா? இன்னும் பாதி பாட்டில் கார்க்க அமுக்கி ஃப்ரிட்ஜ்ல வச்சிருக்கேன்.

பீப்பாய்_ராசு:
இப்படித்தான் இருக்கணும் ப்ரோ, பயப்படாதீங்க. 2004ல ரான் ஜெஃப்ரீஸ் இந்த ப்ரூவரிய ஆரம்பிச்சதுலேர்ந்து அவங்க வழியே இதுதான், திறந்த தொட்டியில புளிக்க விட்டு அப்புறம் ஓக் பீப்பாயில போட்டு ஊற வைப்பாங்க. பீப்பாய் மரத்துக்குள்ள வெறும் ஈஸ்ட் மட்டும் குடியிருக்காது, லாக்டோபேசில்லஸ் இருக்கும் (தயிர் ஒறைய வைக்குற கூட்டம்தான்), ப்ரெட்டனோமைசிஸ்னு ஒரு காட்டு ஈஸ்ட் இருக்கும். நீங்க பழைய பரண்னு சொன்னீங்களே, அது அந்த காட்டு ஈஸ்ட் வேலை. சாதாரண ஈஸ்ட் தின்ன முடியாம விட்ட சர்க்கரையையும் அது மெதுவா தின்னுடும், அதனாலதான் கேக் வாசனை வருது ஆனா கேக் இனிப்பு வரல.

ஊர்ல கள்ளு பாத்திருப்பீங்கல்ல, காலைல இறக்குனது இனிப்பா இருக்கும், சாயங்காலம் கண்ணு சுருங்கும். பானைல சுண்ணாம்பு தடவுனா பதநீர், தடவலன்னா கள்ளு. பீர்ல அந்த சுண்ணாம்பு செய்யுற வேலைல ஒரு பங்க ஹாப்ஸ் (பீருக்கு கசப்பு குடுக்குற பூ) செய்யுது, அதோட கசப்பு லாக்டோவ அடக்கி வைக்கும். நீங்க குடிக்குற ஐபிஏ புளிக்காம இருக்கறதுக்கு அதுவும் ஒரு காரணம். புளிப்பு ஏல் போடுறவன் வேணும்னே ஹாப்ஸ கம்மி பண்ணுவான், அவ்ளோதான் சூட்சுமம்.

ஒரு விஷயம் கேக்கணும், புளிப்பு எங்க அடிச்சுது? நாக்கோட ரெண்டு பக்கமும் எச்சில் ஊறுனா அது தயிர் புளிப்பு. மூக்குல ஏறி தொண்டைல எரிஞ்சா அது வினிகர் புளிப்பு, பீப்பாய்க்குள்ள காத்து அதிகமா போயிருக்கும்.

கரிசல்காட்டான்:
ரெண்டு பக்கமும்தான் ராசு ப்ரோ, எரிச்சல் இல்ல. சுண்ணாம்பு உதாரணம் சூப்பர், எங்க தாத்தா பனை ஏறுனவரு, அவரு இருந்திருந்தா ஒரு கிளாஸ் குடுத்து கேட்டிருப்பேன்.

தூத்துக்குடி_மச்சான்:
நான் கொஞ்சம் மாத்தி சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. புளிப்பு பீர்ல மசாலா எதுக்குங்க? பெல்ஜியத்துல ரூஸலார ஊர்ல ரோடன்பாக் க்ராண்ட் க்ரூன்னு ஒண்ணு போடுறாங்க, 6 சதவீதம், ஆள் உயரத்த தாண்டுற பெரிய பெரிய மரத்தொட்டி 294 இருக்கு அங்க, அதுல ரெண்டு வருஷம் கிடந்தது ரெண்டு பங்கு, புதுசு ஒரு பங்குன்னு கலந்து விடுறாங்க. பட்டையும் கிடையாது கொக்கோவும் கிடையாது, ஆனா குடிச்சா செர்ரி பழம், ஓக், லேசா வினிகர்னு ஒண்ணு பின்னாடி ஒண்ணா வரும். மரமும் நேரமுமே குடுக்க வேண்டியத மசாலா டப்பாவ தொறந்து குடுக்குறாங்கன்னு எனக்கு தோணுது.

பீப்பாய்_ராசு:
மச்சான் அது வேற சாமி இது வேற சாமி. ரோடன்பாக் எனக்கும் உசுரு. ஆனா பட்டை அளவா இருந்தா புளிப்புக்கு எடுப்பா இருக்கும், நம்ம வீட்டு மாங்கா பச்சடிய யோசிச்சு பாருங்க, வெறும் புளிப்பா இருந்தா யாரு தொடுவா. அளவு தப்புனாதான் பல்பொடி. நான் வீட்ல போட்ட முதல் பேட்ச்ல அஞ்சு கேலனுக்கு ஆறு பட்டைக்குச்சி போட்டேன், அதோட கருப்பு மால்ட்டும் (முளைகட்டி கருக வறுத்த பார்லி) அள்ளி விட்டேன். கருகின கசப்பும் புளிப்பும் சேந்தா எப்படி இருக்கும் தெரியுமா, காபி டிகாஷன்ல எலுமிச்சம்பழம் பிழிஞ்ச மாதிரி. அத்தனையும் சிங்க்ல ஊத்துனேன். அதனாலதான் இந்த மாதிரி ஏல்கள்ல ஸ்டவுட்னு சொல்ற கருப்பு பீர் அளவுக்கு கருக்க மாட்டாங்க, பழுப்போட நிறுத்திக்குவாங்க.

மீனா_டிராய்:
நான் ரெண்டு மூணு தடவை குடிச்சிருக்கேன். கரிசல் அண்ணா, ஃப்ரிட்ஜ்லேர்ந்து எடுத்த உடனே குடிச்சீங்களா? அதான் தப்பு. சில்லுனு இருந்தா வாசனை எழும்பாது, புளிப்பு மட்டும் ஊசி மாதிரி குத்தும். எடுத்து அரை மணி நேரம் வெளிய வைங்க, 10லேர்ந்து 13 டிகிரி போதும், வாய் அகலமான ஒயின் கிளாஸ்ல பாதி வரைக்கும் ஊத்துங்க. கொக்கோ அப்பதான் வரும், அதுவும் இனிப்பு சாக்லேட்டா வராது, சர்க்கரை போடாத கொக்கோ பொடிய விரல்ல தொட்டு நாக்குல வச்சா வருமே அந்த வறட்சி. அடில மண்டி இருக்கும், கடைசி ஒரு விரல் அளவு விட்டுருங்க.

தொட்டுக்க மட்டன் சுக்கா. மிக்சர் வேண்டாம், உப்பும் புளிப்பும் சேந்து வாய் புண்ணாயிடும்.

கரிசல்காட்டான்:
மீனா சொன்ன மாதிரியே நேத்து ராத்திரி செஞ்சு பாத்தேன். கேஸ் கொஞ்சம் போயிருந்துச்சு, ஆனா பத்து நிமிஷம் விட்டு விட்டு ஒவ்வொரு வாயா குடிச்சேன். முதல் வாய் பழையபடி புளி. மூணாவது வாய்ல ஆரஞ்சு தோல் வந்துச்சு, உரிச்சப்ப கைல ஒட்டுற எண்ணெய் வாசனை. கிளாஸ் கிட்டத்தட்ட ரூம் சூட்டுக்கு வந்தப்புறம்தான் கொக்கோ, முழுங்குன பிறகு மேலண்ணத்துல லேசா ஒட்டுது. பட்டை இப்ப பிரியாணி மாதிரி இல்ல, மரத்தோட சேந்துடுச்சு. ஆனா மச்சான் சொன்னதும் மனசுல உக்காந்துருச்சு, சனிக்கிழமை ஒரு க்ராண்ட் க்ரூ வாங்கி பக்கத்துல வச்சு பாக்கப் போறேன். மட்டன் சுக்காவுக்கு வீட்டம்மாகிட்ட மனு போட்டாச்சு, இன்னும் கையெழுத்து ஆகல.