தனியாகப் பாய்மரப் படகு ஓட்டுவதில் என்ன இன்பம்?

கேள்வி: சென்னையில் இருவர் ஓட்டும் படகில் பழகிவருகிறேன். இனி லேசர் படகில் தனியாகப் போகச் சொல்கிறார் பயிற்சியாளர். பேச்சுத்துணைகூட இல்லாமல் என்ன சுகம் இருக்கிறது?

ராயபுரத்துக்காரன்: தம்பி, அந்தத் தனிமைதான் சுகமே. 4.23 மீட்டர் நீளம், ஒரே பாய். ஒரு கையில் பாய்க்கயிறு, மறுகையில் சுக்கான் பிடி. பிற்பகலில் கடல்காற்று வலுக்கும். நீர்ப்பரப்பு கறுத்துச் சிலிர்த்தபடி நெருங்குவதைக் கண்டதும் பாதங்களைப் படகுக்குள் இருக்கும் கால்பட்டைக்கு அடியில் கொடுத்து, முதுகு தண்ணீரைத் தொடும் அளவுக்கு வெளியே சாய்வேன். படகு சீறிக் கிளம்பும்போது சுக்கான் பிடி உள்ளங்கையில் அதிரும். அந்த அதிர்வுக்காகவே வாரம் முழுவதும் காத்திருக்கிறேன். துணைக்கு ஆள் இருந்தால் அதில் பாதிதான் கிடைக்கும். நம் சென்னைப் பெண் நேத்ரா குமணன் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓட்டியதும் இதே படகுதான். பாய் மட்டும் சற்றுச் சிறியது.

அலைமகள்: கரையில் சொல்லாமல் போகாதீர்கள். மிதவை அங்கி கட்டாயம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கருமேகம் திரண்டால் உடனே திரும்பிவிடுங்கள்.

கேட்டவர்: கவிழ்ந்தால்?

ராயபுரத்துக்காரன்: பாய்க்கயிற்றைத் தளர்த்திவிட்டு, படகின் அடியில் துருத்திக்கொண்டிருக்கும் பலகைமேல் ஏறி நின்று, படகின் விளிம்பைப் பிடித்துப் பின்னால் சாயுங்கள். நிமிர்ந்துவிடும். முதலில் துறைமுகத்துக்குள்ளேயே பழகுங்கள்.